இரண்டு நாற்காலியிலும் ஒரே ஆள்

ஏஜெண்டுகளைப் பற்றி நம் பக்கத்தில் யாரும் எழுதுவதில்லை. நடிகனைப் பற்றி எழுதுகிறோம். இயக்குநரைக் கட்டுடைக்கிறோம். முதலாளியைத் திட்டுகிறோம். நடிகனுக்கும் முதலாளிக்கும் நடுவே கறுப்புக் கோட்டும் வெள்ளைச் சட்டையுமாக, மேசைமேல் ஒரு துண்டுக் காகிதம்கூட வைத்துக்கொள்ளாமல் உட்கார்ந்திருக்கிறானே ஒருத்தன், அவனை மட்டும் விட்டுவிடுகிறோம். டி.வி.யில் அவன் முகம் வருவதில்லை. பெயரும் வருவதில்லை. வராமல் இருப்பதுதான் அவன் தொழிலே. அதிகாரம் எங்கே கண்ணுக்குத் தெரியவில்லையோ அங்கேதான் முதலில் கை வைத்துப் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி.

நான் கை வைக்கிற ஆள் லூ வாசர்மன். அமெரிக்கத் தொலைக்காட்சியை அதன் குழந்தைப் பருவத்திலேயே தூக்கி மடியில் வைத்துக்கொண்ட ஏஜெண்ட். 1913இல் கிளீவ்லாந்து நகரத்தில் பிறந்தார். அப்பனும் ஆத்தாளும் ருஷ்யாவிலிருந்து பிழைக்க வந்த யூதர்கள். பையன் பள்ளிக்கூடத்தோடு சரி, காலேஜ் படி ஏறவில்லை. தியேட்டரில் சனங்களுக்கு சீட் காட்டுகிற வேலை பார்த்தார். 1936இல் எம்.சி.ஏ. என்கிற மியூசிக் கார்ப்பரேஷன் ஆஃப் அமெரிக்காவில் சேர்ந்தார். பத்தே வருஷத்தில், 1946இல், அதன் தலைவர். 1990இல் அந்தக் கம்பெனியை ஜப்பானின் மட்சுஷிடா வாங்கியபோது விலை சுமார் 660 கோடி டாலர். 1995இல் கிளிண்டன் கையால் அந்நாட்டின் பெரிய சிவிலியன் விருதான சுதந்திரப் பதக்கம். 2002 ஜூன் 3ஆம் தேதி செத்தபோது ஹாலிவுட்டின் கடைசிச் சக்கரவர்த்தி போய்விட்டார் என்று பத்திரிகைகள் எழுதின.

இந்தக் கதையை நான் சொன்னபோது என்னோடு வேலை பார்க்கிற நண்பர் ஒருத்தர் கேட்டார். "கீழேயிருந்து ஒருத்தன் மேலே போனா உங்களுக்கு ஏங்க எரியுது? யூதன்னு ஒதுக்கி வச்ச சாதியிலேருந்து வந்தவன், படிப்பு கிடையாது, டார்ச் லைட் அடிச்சவன் ராஜாவாயிட்டான். இதைத்தானே நீங்களும் கேக்குறீங்க?"

எரியவில்லை அய்யா. யூதர்கள் பட்ட ஒதுக்குதலை நான் சின்னதாக்கவும் இல்லை. அந்தக் காலத்தில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துப் பெரிய மனிதர்களின் கிளப்புகளில் யூதர்களுக்கு இடமில்லை. அந்த ஊரில் ஒரு யூதன் எழுந்து நின்றது சாதாரணக் காரியம் இல்லை. ஆனால் நண்பர் கேட்ட கேள்வியில் ஒரு மோசடி ஒளிந்திருக்கிறது. ஒருத்தன் மேலே போவதும் ஒரு சனம் மேலே போவதும் ஒன்று என்று அது சொல்கிறது. எந்த ஏணியில் ஏறினான், ஏணியை யார் தோளில் சாத்தினான் என்று கேட்கவிடாமல் பண்ணுகிறது. நான் அந்த ஏணியைப் பார்க்கப் போகிறேன்.

*

எம்.சி.ஏ. 1924இல் சிகாகோவில் தொடங்கியது. தொடங்கியவர் ஜூல்ஸ் ஸ்டைன், கண் டாக்டர். ஓட்டல்களுக்கும் நடன அரங்குகளுக்கும் வாத்தியக் குழுக்களை ஏற்பாடு செய்து கமிஷன் வாங்குகிற வியாபாரம். அந்தச் சிகாகோவில் வாத்தியக்காரர்களுக்குச் சங்கம் இருந்தது. ஒன்றல்ல, இரண்டு. வெள்ளையருக்கு 10ஆம் நம்பர் சங்கம். கறுப்பருக்கு 208ஆம் நம்பர் சங்கம். ஒரே ஊர், ஒரே தொழில், ஒரே தாய்ச் சங்கத்தின் இரண்டு கிளைகள், நடுவில் நிறக்கோடு. ஜாஸ் என்ற இசையையே உலகத்துக்குக் கொடுத்த சனத்துக்குத் தனி வரிசை. 1966 வரை இந்த இரண்டு சங்கங்களும் தனித்தனியாகத்தான் இருந்தன.

இந்தக் கோட்டை எம்.சி.ஏ. போடவில்லை. ஆனால் கோடு போட்ட சந்தையில்தான் அது கடை வைத்தது. ஏஜெண்ட் என்பவன் சந்தையை உருவாக்குவதில்லை, இருக்கிற சந்தையில் எது விலை போகும் என்று முகர்ந்து பார்ப்பவன். அவன் மூக்கு எந்தத் திசையில் போகிறது என்று பார்த்தாலே அந்தச் சமூகத்தின் நாற்றம் எங்கே என்று தெரிந்துவிடும்.

1948இல் அந்த மூக்கு ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தது. அமெரிக்க ரேடியோவில் 1928லிருந்து ஓடிக்கொண்டிருந்த நிகழ்ச்சி 'ஏமோஸ் அண்ட் ஆண்டி'. இரண்டு கறுப்பர்களைப் பற்றிய சிரிப்புக் கதை. ஃப்ரீமன் காஸ்டன், சார்லஸ் கொரெல் என்ற இரண்டு வெள்ளைக்காரர்கள் கறுப்பர் பேச்சைக் கொச்சையாக்கிப் பேசி நாடே சிரித்துக்கொண்டிருந்தது. அவர்கள் சம்பாதித்த காசில் பெரும்பகுதி வரியாகப் போயிற்று. யுத்தத்துக்குப் பிந்தைய அமெரிக்காவில் உச்ச வருமானத்துக்கு 80 சதத்துக்கு மேல் வரி. ஆனால் சொத்தை விற்றால் வருகிற மூலதன லாபத்துக்கு 25 சதம்தான்.

வாசர்மனும் அவருடைய சகாக்களும் போட்ட கணக்கு இது: இவர்கள் ரேடியோவில் பேசிச் சம்பளம் வாங்கினால் அது வருமானம். அந்த இரண்டு பாத்திரங்களையும் ஒரு சொத்து என்று வைத்து சி.பி.எஸ். நிறுவனத்துக்கு விற்றுவிட்டால் அது மூலதன லாபம். விற்றார்கள். விலை 20 லட்சம் டாலருக்கும் மேல். அடுத்து ஜாக் பென்னி என்ற பெரிய சிரிப்பு நடிகரையும் இதே வழியில் சி.பி.எஸ்.ஸுக்குக் கொண்டுபோனார்கள். வியாபார உலகம் கை தட்டியது. என்ன மூளை என்று இன்றைக்கும் எழுதுகிறார்கள்.

நானும் வங்கியில் குப்பை கொட்டுகிறவன், வரிக் கணக்கின் அழகு எனக்கும் தெரியும். ஆனால் விற்ற சரக்கு என்ன என்று யாராவது கேட்டார்களா? நிலமா, வீடா, இயந்திரமா? ஒரு சனத்தின் தோல், ஒரு சனத்தின் நாக்கு. அதைக் கேலி பண்ணிய கேலிக்குச் சொத்துப் பத்திரம் எழுதி, ஒரு வெள்ளையனிடமிருந்து இன்னொரு வெள்ளையன் கிரயம் வாங்குகிறான். நடுவில் ஏஜெண்ட் கமிஷன் எடுக்கிறான். மனிதர்களை ஏலம் போட்டது 1865இல் சட்டப்படி முடிந்துபோயிற்று. மனிதர்களின் சாயலை ஏலம் போடுவதற்கு எந்தத் திருத்தமும் தடை சொல்லவில்லை.

1951இல் அது டி.வி.க்கு வந்தது. முகம் தெரியும் என்பதால் இப்போது கறுப்பு நடிகர்களே வேண்டியிருந்தது. ஏமோஸாக நடித்த ஆல்வின் சில்ட்ரெஸ் ரஸ்ட் காலேஜில் படித்துப் பட்டம் வாங்கியவர். ஆண்டியாக நடித்த ஸ்பென்சர் வில்லியம்ஸ், கறுப்பர்களுக்காகக் கறுப்பர்கள் எடுத்த படங்களின் காலத்தில் இயக்குநராக இருந்தவர். அவருடைய 1941ஆம் வருஷப் படம் ஒன்றை அமெரிக்கா 1991இல் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்த்துப் பத்திரப்படுத்தியது. அப்பேர்ப்பட்டவர்கள், இரண்டு வெள்ளையர்கள் தங்களைப் போலப் பேசிக்காட்டிய கொச்சையைத் திரும்பத் தாங்கள் பேசிக்காட்ட வேண்டும். நகலைப் பார்த்து அசல் நடிக்க வேண்டும். இதைவிடக் கொடுமையான நாடகப் பயிற்சி உலகத்தில் உண்டா?

என்.ஏ.ஏ.சி.பி. என்ற கறுப்பர் உரிமைச் சங்கம் 1951லேயே கண்டித்தது. 1953இல் புதுத் தொடர் நின்றது. பழைய படச்சுருள்களை ஊர் ஊராக டி.வி. நிலையங்களுக்கு விற்பது 1966 வரை நடந்தது. அதில் நடித்த கறுப்பர்கள் சிலர் சங்கத்தின்மீது கோபப்பட்டார்கள். எங்கள் பிழைப்பில் மண்ணைப் போட்டீர்களே என்று. அந்தக் கோபத்தை நான் தள்ளிவிட மாட்டேன். அதில் பசி இருக்கிறது. டி.வி.யில் கறுப்பு முகத்துக்கு வேறு வேலை இல்லாத நேரத்தில் இருந்த ஒரு வேலையும் போயிற்று. ஆனால் பாருங்க, சண்டை யாருக்கும் யாருக்கும் நடந்தது? கறுப்பு நடிகனுக்கும் கறுப்புச் சங்கத்துக்கும். பாத்திரத்தைச் சொத்தாக்கி விற்றவனும் வாங்கினவனும் அந்தச் சண்டையில் இல்லவே இல்லை. காசு கைமாறி மூன்று வருஷம் ஆகியிருந்தது. ஏஜெண்ட் கண்ணுக்குத் தெரியாமல் இருப்பதன் பயன் இதுதான்.

*

இனி 1952க்கு வருகிறேன். வாசர்மன் வாழ்க்கையின் நடுப்பக்கம் அந்த வருஷம்.

அமெரிக்காவில் திரை நடிகர்களுக்கு ஸ்க்ரீன் ஆக்டர்ஸ் கில்டு என்ற சங்கம். அந்தச் சங்கத்தின் விதி: ஏஜெண்டாக இருக்கிறவன் தயாரிப்பாளனாக இருக்கக் கூடாது. காரணத்தைச் சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். ஏஜெண்டின் வேலை நடிகனுக்கு அதிகக் கூலி வாங்கித் தருவது. தயாரிப்பாளனின் வேலை குறைந்த கூலியில் முடிப்பது. இரண்டு வேலையையும் ஒரே ஆள் பார்த்தால் பேரம் எங்கே நடக்கும்? அவன் மண்டைக்குள்ளே நடக்கும். யார் ஜெயிப்பார் என்று நான் சொல்ல வேண்டுமா?

எம்.சி.ஏ.வுக்கு ரெவ்யூ புரொடக்ஷன்ஸ் என்ற தயாரிப்புக் கம்பெனி இருந்தது. டி.வி. வளர்ந்துகொண்டிருந்தது. அதற்குப் படமெடுக்க வேண்டும் என்று வாசர்மனுக்கு ஆசை. 1952 ஜூலையில் நடிகர் சங்கம் அந்த விதியிலிருந்து எம்.சி.ஏ.வுக்கு விலக்குக் கொடுத்தது. இப்படி வரம்பில்லாத விலக்கு மற்ற ஏஜென்சிகளுக்குக் கிடைக்கவில்லை. அப்போது சங்கத்தின் தலைவர் யார்? ரொனால்ட் ரீகன். ரீகனுடைய ஏஜெண்ட் யார்? எம்.சி.ஏ. இரண்டு வருஷம் கழித்து, 1954இல், சினிமாவில் மவுசு போயிருந்த ரீகனுக்கு 'ஜெனரல் எலெக்ட்ரிக் தியேட்டர்' என்ற டி.வி. நிகழ்ச்சியை வாராவாரம் வந்து வழங்குகிற வேலை கிடைத்தது. அதைத் தயாரித்தது யார்? ரெவ்யூ.

1962 பிப்ரவரியில் மத்திய அரசின் கிராண்ட் ஜூரி முன்னால் ரீகனை உட்கார வைத்து இதைப் பற்றிக் கேட்டார்கள். பல கேள்விகளுக்கு ஞாபகமில்லை என்றார். அவர்மீது குற்றச்சாட்டு எதுவும் பதிவாகவில்லை. நானும் அவர் லஞ்சம் வாங்கினார் என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

ஏன் என்று கேளுங்கள். வங்கியில் ஒரு விதி உண்டு. வவுச்சரை எழுதுகிறவன் அதே வவுச்சரைப் பாஸ் பண்ணக் கூடாது. லெட்ஜர் போய்க் கம்ப்யூட்டர் வந்த பிறகும் ஒரு ஐ.டி.யில் போட்ட என்ட்ரியை இன்னொரு ஐ.டி.தான் பாஸ் பண்ண வேண்டும். எழுதுகிறவன் அரிச்சந்திரனாகவே இருக்கட்டும், விதி விதிதான். அது எந்த மனுஷனின் யோக்கியதையையும் சந்தேகிப்பதில்லை, ஏற்பாட்டைத்தான் சந்தேகிக்கிறது. வாசர்மனும் ரீகனும் உத்தமர்களாகவே இருந்திருக்கலாம். எழுதுவதும் பாஸ் பண்ணுவதும் ஒரே கை என்று ஆனபிறகு உத்தமம் எந்த மூலைக்கு?

வாசர்மனின் பக்தர்களுக்கு இதற்கு ஒரு பதில் உண்டு. அதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். விலக்குக்குப் பதிலாக எம்.சி.ஏ. ஒன்று கொடுத்தது. நிகழ்ச்சியை மறுபடி ஒளிபரப்பினால் நடிகர்களுக்கு மறு ஊதியம் தர ஒத்துக்கொண்டது. மற்ற தயாரிப்பாளர்கள் முரண்டு பிடித்துக்கொண்டிருந்த நேரம். நடிகர்களுக்கு அது நல்லதுதானே என்கிறார்கள். நல்லதுதான். மறு ஊதியம் என்பது உழைப்பாளி போராடிப் பெற வேண்டிய நியாயமான பங்கு. ஆனால் அதைப் போராடி வாங்குவதற்குத்தானே ஏஜெண்டுக்குப் பத்து சதம் கொடுக்கிறார்கள்? வாங்கித் தருவதாகச் சொன்னவனே கொடுக்கிற இடத்தில் உட்கார்ந்துகொண்டு, கொடுப்பதற்குக் கைம்மாறாக விதியைத் தளர்த்திக் கேட்டால் அதற்குப் பேர் பேரமா? உனக்குச் சேர வேண்டிய ஒரு ரூபாயை உனக்கே கொடுத்துவிட்டு, உன் வீட்டுச் சாவியை வாங்கிக்கொள்கிற கதை.

சாவி கைக்கு வந்ததும் வீடே அவர்களுடையதாயிற்று. ஐம்பதுகளின் கடைசியில் அமெரிக்க டி.வி.க்கு அதிக நிகழ்ச்சி எடுக்கிற கம்பெனி ரெவ்யூ. 'ஆல்ஃப்ரட் ஹிட்ச்காக் பிரசண்ட்ஸ்', 'வேகன் ட்ரெயின்' எல்லாம் அந்தக் கடையின் சரக்கு. நடிகன் எம்.சி.ஏ. ஆள், எழுதுகிறவன் எம்.சி.ஏ. ஆள், இயக்குகிறவன் எம்.சி.ஏ. ஆள், தயாரிக்கிறவன் எம்.சி.ஏ. 1958இல் பாரமவுண்ட் கம்பெனியின் பழைய படங்கள் சுமார் 700ஐ 5 கோடி டாலருக்கு வாங்கினார்கள், டி.வி.க்கு விற்பதற்காக. 1948க்கு முன் எடுத்த அந்தப் படங்களை டி.வி.யில் போட்டால் அவற்றில் நடித்தவர்களுக்குச் சல்லிக் காசு கிடையாது. வெள்ளை நாயகனுக்கும் கிடையாது, அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்த கறுப்புப் போர்ட்டருக்கும் கிடையாது. நாயகனுக்கு வேறு படம் கிடைத்திருக்கும். போர்ட்டர் வேஷக்காரனுக்கு? அதே வருஷம் டிசம்பரில் யுனிவர்சல் ஸ்டுடியோவின் நிலத்தையும் வாங்கினார்கள். தொழிலாளி மத்தியில் பேசப்பட்ட பட்டப்பெயர் ஆக்டோபஸ். எட்டுக் கால்.

இன்னொரு வித்தையும் உண்டு, அதன் பெயர் பேக்கேஜ். ஏஜெண்ட் தன் கையிலிருக்கிற நடிகன், எழுத்தாளன், இயக்குநன் எல்லாரையும் ஒரே கட்டாகக் கட்டி டி.வி. நிறுவனத்திடம் விற்பான். ஒவ்வொருவன் சம்பளத்திலும் பத்து சதம் எடுப்பதற்குப் பதிலாக நிகழ்ச்சியின் மொத்தச் செலவில் பத்து சதம் எடுப்பான். "உங்ககிட்ட ஒரு பைசா வாங்கலீங்க" என்று நடிகனிடம் சொல்லலாம். நடிகனும் சந்தோஷப்படுவான். அந்தச் சந்தோஷம்தான் தூண்டில். ஏஜெண்டின் காசு இனி நடிகன் சம்பளத்தோடு ஒட்டியிருக்கவில்லை. சம்பளம் ஏறினால் என்ன, இறங்கினால் என்ன?

நம்ம பாஷையில் இதற்குப் பழைய பேர் ஒன்று உண்டு. கங்காணி. இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு நம் சனத்தைக் கூட்டிப்போன கங்காணி, நான் உங்க ஆள் என்றுதான் சொன்னான். தன் கீழே எத்தனை பேர் வேலைக்கு நின்றார்களோ அத்தனை தலைக்கும் தோட்டத்துரையிடம் தலைக்காசு வாங்கினான். கூலி ஏறினால் அவனுக்கு லாபமில்லை. தலை கூடினால் லாபம். ஹாலிவுட் நடிகனும் கொழுந்து கிள்ளியவளும் ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை. ஒருவன் மாளிகையில் இருந்தான், ஒருத்தி லயத்தில் செத்தாள். கணக்கு எழுதுகிற முறை மட்டும் ஒன்று.

*

இந்தப் பேக்கேஜ் சந்தையில் கறுப்பனுக்கு என்ன விலை என்று பார்ப்போம். 1956 நவம்பரில் என்.பி.சி. டி.வி.யில் நாட் கிங் கோல் தன் பெயரிலேயே நிகழ்ச்சி தொடங்கினார். அமெரிக்கா முழுக்க அவர் பாட்டு விற்றுக்கொண்டிருந்த நேரம். குரலுக்குக் குறையில்லை, பார்வையாளருக்கும் குறையில்லை. நாடு தழுவிய விளம்பரதாரர் ஒருவர்கூட முன்வரவில்லை. தெற்கு மாநிலத்து வெள்ளையன் தங்கள் சரக்கை வாங்கமாட்டான் என்று பயம். என்.பி.சி. ஒரு வருஷத்துக்கு மேல் நஷ்டத்தில் இழுத்துப் பார்த்தது. 1957 டிசம்பரில் கோல் நிறுத்திக்கொண்டார்.

இது வாசர்மன் செய்த வேலை இல்லை. அவர் தலையில் இதைக் கட்டமாட்டேன். ஆனால் அவர் பெரிய வியாபாரியாக இருந்த அதே சந்தையின் தீர்ப்பு இது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கறுப்பனின் கேலிச்சித்திரம், வெள்ளையன் கையில் இருந்தால், 20 லட்சம் டாலர் பெறுமானமுள்ள சொத்து. அதே கறுப்பன் கோட்டுப் போட்டுக்கொண்டு, தன் பெயரில், தன் குரலில் வந்து நின்றால் சோப்புக் கம்பெனிகூட வராது. சந்தைக்கு நிறம் தெரியாது, காசுதான் தெரியும் என்று பொருளாதாரப் புலிகள் சொல்கிறார்களே, அவர்கள் இந்த இரண்டு ரசீதையும் எடுத்துப் பார்க்கட்டும்.

ஆனால் கோல் நிகழ்ச்சியில் இன்னொரு விஷயம் நடந்தது. எல்லா ஃபிட்ஜெரால்ட், ஹாரி பெலஃபாண்ட் போன்ற பெரிய பெரிய பாடகர்கள் வந்து சங்கம் நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலிக்கே பாடினார்கள். வெள்ளைப் பாடகர்கள் சிலரும் வந்தார்கள். எந்த ஏஜெண்டும் இப்படி ஒரு பேக்கேஜ் கட்டியிருக்கமாட்டான். இதில் மொத்தச் செலவே குறைவு, பத்து சதம் எங்கே தேறும்? தேறாத இடத்தில்தான் தோழமை வந்து நின்றது. நிகழ்ச்சி தோற்றது, அது மட்டும் தோற்கவில்லை.

*

இப்போது 1962. கென்னடியின் தம்பி ராபர்ட் கென்னடி அட்டர்னி ஜெனரல். நீதித்துறை ஜூலை மாதம் எம்.சி.ஏ. மீது ஏகபோக எதிர்ப்புச் சட்டத்தில் வழக்குப் போட்டது. எம்.சி.ஏ. அதே நேரத்தில் டெக்கா கம்பெனியையும் அதன் வழியாக யுனிவர்சலையும் கையில் எடுத்துக்கொண்டிருந்தது. அரசு கேட்டது இதுதான்: ஏஜெண்டா, தயாரிப்பாளனா, ஏதாவது ஒன்றாக இரு.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். வாழ்க்கை முழுக்க ஒருத்தன் நான் கலைஞனின் ஆள், முதலாளியிடமிருந்து அவனுக்கு நியாயம் வாங்கித் தருகிறவன் என்று சொல்லி வளர்ந்திருக்கிறான். அதில் உண்மையும் உண்டு. 1950இல் ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டுக்கு 'வின்செஸ்டர் 73' படத்தின் லாபத்தில் பங்கு வாங்கிக் கொடுத்தது இதே வாசர்மன்தான். ஸ்டுடியோக்களின் கொத்தடிமை ஒப்பந்தத்தை உடைத்த உளி என்று அதைச் சொல்வார்கள். சரி, உடைத்தார். உச்சாணி நட்சத்திரத்துக்கு உடைத்தார். துணை நடிகனுக்கும் விளக்குப் பிடிக்கிறவனுக்கும் பங்கு வரவில்லை. அது இருக்கட்டும். இப்போது அரசாங்கம் வந்து ஒரு நாற்காலியை மட்டும் வைத்துக்கொள் என்கிறது. எதை வைத்துக்கொண்டார்?

ஏஜென்சியைத் தூக்கி எறிந்தார். அதே மாதம் கடையை மூடிவிட்டார்கள். நூற்றுக்கணக்கான நடிகர்கள், எழுத்தாளர்கள், இயக்குநர்கள் ஒரே வாரத்தில் ஏஜெண்ட் இல்லாமல் நின்றார்கள். வாசர்மன் ஸ்டுடியோவையும் நிலத்தையும் படச்சுருளையும் வைத்துக்கொண்டார்.

இருபத்தாறு வருஷம் நான் உன் பிரதிநிதி என்றவன், தேர்ந்தெடு என்று சொன்ன உடனே முதலாளி நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டான். அவன் மனசு அன்றைக்கா மாறியது? இல்லை. அன்றைக்குத்தான் நமக்குத் தெரிந்தது, அவ்வளவுதான்.

அப்புறம் நடந்தது உலகத்துக்குத் தெரியும். ரீகன் 1981இல் ஜனாதிபதியானார். பதவிக்கு வந்த வருஷமே வேலைநிறுத்தம் செய்த விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்கள் 11,000க்கும் மேற்பட்டவர்களை ஒரே அடியாக வேலையிலிருந்து நீக்கினார். தொழிற்சங்கத் தலைவராக இருந்து ஜனாதிபதியான ஒரே ஆள் அவர்தான். இரண்டு நாற்காலி வித்தை ஸ்டுடியோவோடு நிற்கவில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

வாசர்மன் போனாலும் வித்தை போகவில்லை. புதுப் பெரிய ஏஜென்சிகள் வந்தன. பேக்கேஜ் கட்டணம் வாங்கின, போதாதென்று தயாரிப்புக் கம்பெனிகளும் வைத்தன. எழுத்தாளன் சம்பளம் குறைந்தால் நிகழ்ச்சியின் லாபம் கூடும், லாபத்தில் ஏஜெண்டுக்குப் பங்கு. உன் வக்கீலுக்கு எதிர்க்கட்சிக்காரன் ஜெயித்தால் பரிசு என்றால் எப்படி இருக்கும்? 2019 ஏப்ரலில் அமெரிக்க எழுத்தாளர் சங்கம் சொன்னது, நம் ஏஜெண்டுகளை நாமே வேலையிலிருந்து நீக்குவோம் என்று. 7,000 பேருக்கு மேல் ஒன்றாகக் கையெழுத்துப் போட்டு ஏஜெண்டுகளைக் கழற்றி விட்டார்கள். வேலை வாங்கித் தர ஆள் இல்லாமல் போகுமே என்று பயந்தவர்கள் உண்டு. பயத்தோடுதான் கையெழுத்துப் போட்டார்கள். ஏறக்குறைய இரண்டு வருஷம் தாக்குப் பிடித்தார்கள். 2021 பிப்ரவரியில் கடைசிப் பெரிய ஏஜென்சியும் இறங்கி வந்தது. பேக்கேஜ் கட்டணம் 2022 ஜூனோடு முடிவு. தயாரிப்புக் கம்பெனியில் ஏஜென்சிக்கு 20 சதத்துக்கு மேல் பங்கு கூடாது. 1952இல் ஒரு சங்கத் தலைவர் ஒரு கடிதத்தில் விட்டுக்கொடுத்த விதியை, ஏழாயிரம் சாதாரண உறுப்பினர்கள் 70 வருஷம் கழித்துப் பாதியாவது திரும்பப் பிடித்தார்கள்.

பாதிதான். அந்த 20 சதத்தைக் கொண்டாட என்னால் முடியாது. ஒரு காலை மட்டும் எதிர்ப்பக்க நாற்காலியில் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்வது என்ன நியாயம்?

*

நண்பருக்குப் பதில் சொல்ல வேண்டும். கீழேயிருந்து வந்தவன் மேலே போனால் எனக்கு எரியவில்லை. நம்மில் ஒருத்தன், நமக்காகப் பேசப் போகிறேன் என்று சொல்லி உள்ளே போய், உள்ளேயே தங்கிவிட்டால் எரிகிறது. பிரதிநிதித்துவம் என்கிற சொல்லை நாம் நிறையப் பேசுகிறோம். அந்த அறைக்குள் நம் ஆள் ஒருத்தன் இருந்தால் போதும் என்று நினைத்துவிடுகிறோம். வாசர்மன் கதை சொல்வது வேறு. யார் பிறப்பு என்ன என்று பார்க்காதே, யார் கையிலிருந்து காசு வாங்குகிறான் என்று பார். ஒரே ஆளாக உள்ளே போகிறானா, நம்மில் நாலு பேரோடு போகிறானா என்று பார். என்ன கையெழுத்துப் போட்டான் என்று வெளியே வந்து படித்துக் காட்டுகிறானா என்று பார். நமக்குப் பிடிக்காவிட்டால் அவனை நீக்க நமக்கு வழி இருக்கிறதா என்று பார்.

1946இல் அண்ணல் அம்பேத்கர் கறுப்பினச் சிந்தனையாளர் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். கறுப்பர்கள் ஐ.நா. சபைக்குக் கொடுத்திருந்த மனுவின் பிரதிகள் கிடைக்குமா என்று கேட்டு. அந்த மனுவை யாரும் அவர்களுக்காகப் பேசி வாங்கித் தரவில்லை. அவர்களே எழுதினார்கள், அவர்களே கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அவர்கள் சரித்திரத்தை நாம் படிக்க வேண்டியது இதற்காகத்தான்.

வாசர்மனிடம் எந்த நாற்காலி உன்னுடையது என்று கேட்க 1962 ஆகிவிட்டது. கேட்டதும் அரசாங்கம். பத்து வருஷத் தாமதம், அதற்குள் வீடு கைமாறிவிட்டது. இந்தக் கேள்வியைக் கேட்க எந்த அரசாங்கத்துக்காகவும் காத்திருக்கக் கூடாது. நம் பேரைச் சொல்லி எவன் உள்ளே போகிறானோ, அவன் கதவைத் திறப்பதற்கு முன்னாலேயே கேட்க வேண்டும். அவன் நம் அண்ணன் தம்பியாகவே இருந்தாலும் கேட்க வேண்டும்.